உடையாத செராமிக் எப்படிச் செய்றாங்க? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பிஎஸ்எல்வி ராக்கெட்டோட கார்பன்-கார்பன் நாசில் (எரிஞ்ச வாயு வெளிய பீறிடற குழல்) பத்தி ரெண்டே ரெண்டு பாரா எழுதியிருந்தேன். 2024 ஏப்ரல்ல இஸ்ரோ அறிவிச்ச விஷயம் அது, நாலாவது கட்ட இன்ஜின்ல கொலம்பியம்ங்கற உலோகத்தோட கலவைல இருந்த நாசில் பகுதிக்குப் பதிலா கார்பன் ஃபைபர் போட்ட கார்பன்ல செஞ்சு, மேல சிலிக்கான் கார்பைடு (சிலிக்கானும் கார்பனும் சேர்ந்த செராமிக்) பூச்சு குடுத்தா அந்தப் பாகத்தோட எடை 67 சதவீதம் குறையுது, ராக்கெட் குறைஞ்சது 15 கிலோ கூடுதலா தூக்கும்னு. அதுக்கு நீலகிரில இருந்தும் கொடைக்கானல்ல இருந்தும் இத்தனை கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். இந்த மாசம் பக்கம் முழுக்க அதுக்கும், அதே மாதிரி ஃபைபர் போட்டு பலப்படுத்தின செராமிக்குக்கும் (செராமிக் காம்போசிட்னு சொல்வாங்க) குடுத்துட்டேன்.

கேள்வி: சார், பீங்கான் கப் கைதவறி விழுந்தா சுக்குநூறாகுது. அதே குடும்பத்துப் பொருள ஜெட் இன்ஜினுக்குள்ள வைக்கிறாங்கன்னா பயமா இருக்கு. ஃபைபர் சேர்த்தா எப்படி உடையாம இருக்கும், அந்த ஃபைபரும் செராமிக்தானே? – கல்லூரி மாணவி, ஊட்டி

பதில்: கடைசில கேட்டீங்க பாருங்க, அந்த ஃபைபரும் செராமிக்தானேன்னு, அதுதாம்மா சரியான கேள்வி. முதல்ல கப் ஏன் உடையுதுன்னு பாப்போம். செராமிக் பலம் இல்லாத பொருள் இல்ல, அழுத்தினா இரும்பையே மிஞ்சும். அதோட பிரச்சினை விரிசல். இரும்புல ஒரு விரிசல் ஆரம்பிச்சா அதோட முனைல இருக்கற உலோகம் கொஞ்சம் இழுபட்டு வளைஞ்சு குடுத்து அந்த முனைய மழுங்கடிச்சிடும், செராமிக்ல அணுக்கள் அவ்ளோ இறுக்கமா பிணைஞ்சு கிடக்கறதால நகர வழியே இல்ல, அதனால விரிசல் ஒரு பக்கம் கிளம்பினா மறு பக்கம் வந்துதான் நிக்கும். கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன ஓட்டை போதும் கிளம்பறதுக்கு. விரிசல எதிர்த்து நிக்கற சக்திய அளந்து பாத்தா சிலிக்கான் கார்பைடுக்கு நல்ல ஸ்டீல்ல பத்துல ஒரு பங்கு கூட வராது.

இப்ப ஃபைபர். ஒரு நூல் 14 மைக்ரான் தடிமன், தலைமுடியோட அஞ்சுல ஒரு பங்குன்னு வெச்சுக்கோங்க. அவ்ளோ மெல்லிசான நூலுக்குள்ள பெரிய ஓட்டை இருக்கவே இடம் கிடையாது, அதனால அதே செராமிக் நூலா இருக்கறப்ப ஸ்டீல் கம்பிய விட அதிகமா இழுவை தாங்கும். ஆனா இந்த நூல வெறுமனே செராமிக்குள்ள புதைச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. நூலும் சுத்தி இருக்கற செராமிக்கும் (இத மேட்ரிக்ஸ்னு சொல்வாங்க) ஒண்ணோட ஒண்ணு நல்லா ஒட்டிக்கிச்சுன்னா, வர்ற விரிசல் நூல் எது மேட்ரிக்ஸ் எதுன்னு பாக்காம ரெண்டையும் சேத்து அறுத்துட்டுப் போயிடும், கடைசில மறுபடி அதே கப்தான்.

அதனால என்ன பண்றாங்கன்னா ஒவ்வொரு நூலுக்கும் மேல போரான் நைட்ரைடு இல்லன்னா கார்பன்ல ஒரு மைக்ரானுக்கும் கம்மியான ஒரு வழவழப்பான பூச்சு குடுக்கறாங்க. விரிசல் அந்தப் பூச்சு வரைக்கும் வரும், அங்க பிடிப்பு குறைவா இருக்கறதால நேரா போகாம நூலோட பக்கவாட்டுல திரும்பிடும், நூல் அறுபடாம விரிசலுக்குக் குறுக்க பாலம் போட்ட மாதிரி நின்னு ரெண்டு பக்கத்தையும் பிடிச்சுக்கும். இன்னும் சுமை ஏறினா சில நூல் அறுந்து உறைக்குள்ள இருந்து உரசிக்கிட்டே வெளிய வரும், அந்த உரசல்லதான் சக்தி செலவாகுது. டப்புனு உடையறதுக்குப் பதிலா கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்குடுக்கும். நூல் மேட்ரிக்ஸோட முழுசா ஒட்டாம இருக்கணும், இந்த ஒரே விஷயத்துக்காகத்தான் மொத்த உற்பத்தி முறையும் இவ்ளோ கஷ்டமா இருக்கு, கீழ வர்ற பதில்கள்லயும் நான் திரும்பத் திரும்ப இதையேதான் சொல்லப் போறேன்.

கேள்வி: எங்கப்பா காலத்துல செம்மண்ணுல வைக்கோல வெட்டிப் போட்டு மிதிச்சு சுவர் வெப்போம். நீங்க எழுதினது அதே மாதிரிதான் தெரியுது. சரியா தம்பி? – ஒரு பெரியவர், கேத்தி

பதில்: பாதி அப்படியே சரிங்க ஐயா. மண்ணு காயறப்ப சுருங்கும், சுருங்கினா வெடிக்கும், வைக்கோல் இருந்தா ஒரே பெரிய வெடிப்பு வர்ற இடத்துல சின்னச் சின்னதா நிறைய வந்து சுவர் நிக்கும். செராமிக் காம்போசிட்லயும் சுடறப்ப மேட்ரிக்ஸ் சுருங்கி வெடிக்கும், நூல் பிடிச்சு நிறுத்தும், அது வரைக்கும் ஒண்ணுதான். வித்தியாசம் எங்கன்னா, வைக்கோல் துண்டு துண்டா கொஞ்சமா கிடக்கும், இங்க நூல் ஒரு முனைல இருந்து மறு முனை வரைக்கும் அறுபடாம ஓடும், மொத்த கன அளவுல மூணுல ஒரு பங்குக்கு மேல நூல்தான். அப்புறம் அந்த ஒட்டாத பூச்சு.

கேள்வி: அண்ணா, சிலிக்கான் கார்பைடு உருகவே உருகாதுன்னு படிச்சேன். உருகாத பொருள எப்படி நூலா இழுப்பாங்க? – மெக்கானிக்கல் டிப்ளமா முடிச்சவர், குன்னூர்

பதில்: நீங்க படிச்சது சரி தம்பி, சாதாரண அழுத்தத்துல அது உருகாது, 2,700 டிகிரி தாண்டினா சிதைஞ்சு போகும். கண்ணாடி நூல் இழுக்கற மாதிரி இழுக்க வழியில்ல. இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் ஜப்பான் தொஹோகு பல்கலைக்கழகத்துல இருந்த செய்ஷி யஜிமா, 1975ல. அவரோட யோசனை எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான்: செராமிக்க நூலாக்க முடியலன்னா, முதல்ல ஒரு பிளாஸ்டிக்க நூலாக்கு, அப்புறம் அந்த நூலையே செராமிக்கா மாத்து.

சிலிக்கானும் கார்பனும் மாறி மாறி கோத்த பாலிகார்போசிலேன்னு ஒரு பாலிமர். அது சூட்டுல உருகும், சல்லடை மாதிரி சின்ன ஓட்டைகள் வழியா தள்ளி நூலா இழுக்கலாம். ஆனா அந்த நூல நேரா ஃபர்னஸ்ல வெச்சா மறுபடி உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கூழாயிடும். அதுக்காக முதல்ல காத்துல மெதுவா சூடு காட்டி ஆக்சிஜன் மூலமா சங்கிலிகள குறுக்க பிணைச்சு உருகாத நூலாக்கிட்டு, பிறகு காத்தே இல்லாத ஃபர்னஸ்ல 1,200 டிகிரிக்கு மேல கொண்டு போனா ஹைட்ரஜன் எல்லாம் வாயுவா வெளியேறி மிச்சம் நிக்கறது சிலிக்கான் கார்பைடு நூல். நிப்பான் கார்பன் கம்பெனி இத நிக்கலான்னு பேர்ல கொண்டு வந்துச்சு.

ஆனா முதல் தலைமுறை நூல்ல அந்த ஆக்சிஜனே எமனாச்சு. உள்ள தங்கின ஆக்சிஜன் 1,200 டிகிரி வாக்குல கார்பன் மோனாக்சைடா வெளிய கிளம்பும், நூலுக்குள்ள ஓட்டை விழும், படிகம் பெருசாகும், பலம் சரிஞ்சிடும். அப்புறம் காத்துக்குப் பதிலா எலக்ட்ரான் கதிர் அடிச்சு பிணைக்கற முறை வந்துச்சு, ஆக்சிஜன் ஒரு சதவீதத்துக்கும் கீழ போச்சு, அதுதான் ஹை-நிக்கலான், அதுக்கடுத்து சிலிக்கானும் கார்பனும் கிட்டத்தட்ட சமமா இருக்கற டைப் எஸ். இந்த ரக நூல் கிலோ ஆயிரக்கணக்கான டாலர், உலகத்துல செய்யத் தெரிஞ்ச கம்பெனிகள விரல் விட்டு எண்ணிடலாம். நம்ம நாட்டுல இந்தத் துறை வேகமா வளரணும்னா நூல்லதான் முதல்ல கை வைக்கணும்னு நான் நினைக்கறேன், மத்த எல்லா வேலையும் நூல் கைல இருந்தா தானா வரும்.

கேள்வி: நூல துணியா நெய்து அடுக்கியாச்சுன்னு வெச்சுக்கங்க. அதுக்குள்ள செராமிக்க எப்படி நிரப்புறது? பொடியாக்கி அழுத்திச் சுட்டா போதாதா? – வெலிங்டன்ல இருந்து ஒரு வாசகர்

பதில்: போதாதுங்க. சிலிக்கான் கார்பைடு பொடிய சுட்டு இறுக்க 2,000 டிகிரி பக்கம் வேணும், அந்தச் சூட்டுல நூல் செத்துடும். அது மட்டுமில்ல, பொடி சுருங்கும் நூல் சுருங்காது, அழுத்தினா நூல் நொறுங்கும், பூச்சு கிழியும். அதனால நூலுக்கும் பூச்சுக்கும் வலிக்காம உள்ள நுழையற ஏதாவது ஒண்ணு வேணும், அது வாயுவா இருக்கலாம், திரவப் பாலிமரா இருக்கலாம், உருகின சிலிக்கானா இருக்கலாம். இந்த மூணு வழிதான் இன்னிக்கு நடைமுறைல இருக்கு.

வாயு வழி: அடுக்கின துணிய ஒரு ஃபர்னஸ்ல வெச்சு 1,000 டிகிரி சுமாருக்கு சூடாக்கி, காத்த உறிஞ்சி அழுத்தத்த ரொம்பக் குறைச்சு, மீத்தைல் ட்ரைகுளோரோசிலேன்ங்கற ஆவியையும் ஹைட்ரஜனையும் உள்ள விடுவாங்க. ஆவி நூலுக்கு நூல் இடுக்குல புகுந்து அங்கயே சிதைஞ்சு சிலிக்கான் கார்பைடா படியும், மிச்சம் ஹைட்ரஜன் குளோரைடு, அதான் அமில வாயு, அத வெளிய விடாம கழுவி எடுக்கணும். இதுல கிடைக்கற மேட்ரிக்ஸ் மாதிரி சுத்தமானது வேற எதுலயும் கிடைக்காது, நூலுக்கும் துளி சேதமில்ல. ஆனா அவசரப்படவே முடியாது. சூட்டையோ அழுத்தத்தையோ ஏத்தி வேகமா படிய விட்டா வெளிப்பக்க வாய் எல்லாம் முதல்ல அடைஞ்சு போய் உள்ள காலியா நிக்கும், அதனால வாரக்கணக்குல ஃபர்னஸ் ஓடும், நடுவுல நிறுத்தி மேல் தோல அரைச்சு எடுத்து வாயத் திறந்து விட்டு மறுபடி வைப்பாங்க, அப்படியும் 10ல இருந்து 15 சதவீதம் ஓட்டை மிச்சம் இருக்கும். நூல் மேல அந்த மெல்லிய பூச்சு போடறதும் இதே முறைலதான், மேட்ரிக்ஸ் எந்த வழில நிரப்பினாலும் பூச்சுக்கு பெரும்பாலும் வாயு வழிதான்.

பாலிமர் வழி: யஜிமா நூலுக்குப் பண்ணத இங்க மேட்ரிக்ஸுக்குப் பண்றது. திரவப் பாலிமர வேக்குவம் போட்டு துணிக்குள்ள இழுத்து, கெட்டியாக்கி, ஆர்கான் வாயுல 1,000 டிகிரி பக்கம் சுடறது. சாதாரண ஃபைபர் பிளாஸ்டிக் வேலை தெரிஞ்சவங்களுக்கு முதல் பாதி கைப்பழக்கம்தான், அச்சு, வேக்குவம் பை எல்லாம் ஒண்ணுதான், பெரிய சிக்கலான வடிவமும் வரும். கஷ்டம் எதுலன்னா பாலிமர்ல ஒரு பகுதி வாயுவா போயிடும், மிச்சமும் அடர்த்தி கூடி சுருங்கும், கேத்தி பெரியவர் சொன்ன மண்சுவர் மாதிரி உள்ள எங்கப் பாத்தாலும் வெடிப்பு. மறுபடி பாலிமர் ஏத்து, மறுபடி சுடு, இப்படி ஆறுல இருந்து பத்து சுத்து சாதாரணமா ஆகும், ஒவ்வொரு சுத்துக்கும் எடை போட்டுப் பாத்து ஏறறது நின்னதும் நிறுத்துவாங்க. இந்தத் துறைய கத்துக்க வர்றவங்க இந்த வழில ஆரம்பிக்கறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன், ஏன்னா ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல பொருள வெளிய எடுத்து வெட்டிப் பாக்கலாம், என்ன நடக்குதுன்னு கண்ணாலயே தெரியும்.

மூணாவது, உருகின சிலிக்கான். சிலிக்கான் 1,414 டிகிரில உருகும். கார்பன் பொடியும் சிலிக்கான் கார்பைடு பொடியும் ஏற்கனவே நூலுக்கு நடுவுல பூசி வெச்சிருப்பாங்க, உருகின சிலிக்கான் பக்கத்துல வந்ததும் ஸ்பாஞ்ச் தண்ணி இழுக்கற வேகத்துல உள்ள போயிடும், கார்பனோட சேர்ந்து அங்கயே சிலிக்கான் கார்பைடு ஆயிடும். வாரக்கணக்கு இல்ல, மணிக்கணக்கு. ஓட்டையும் சில சதவீதம்தான் மிஞ்சும். ஃபேக்டரிக்கு இதுதான் லாபம், ஆனா ஆபத்தும் இதுலதான் ஜாஸ்தி: பூச்சுல எங்கயாவது சின்ன கிழிசல் இருந்தா உருகின சிலிக்கான் நூலையே தின்னுடும், நூலும் மேட்ரிக்ஸும் ஒட்டிடும், அந்த இடம் வெறும் பீங்கான். அப்புறம் வினையாகாத சிலிக்கான் உள்ள மிச்சம் நிக்கும், அதனால அது உருகற சூட்டுக்கு நல்லாவே கீழதான் அந்தப் பாகத்த ஓட்ட முடியும். இன்னொண்ணு, சிலிக்கான் உறையறப்ப ஐஸ் மாதிரி விரியும், ஆறினதும் பாகத்து மேல குட்டி குட்டி முத்தா பிதுங்கி நிக்கும், அத அரைச்சு எடுக்கணும், அரைக்கறதுக்கு வைரம் பதிச்ச சக்கரம் தவிர வேற எதுவும் நிக்காது.

2016ல விமான சேவைக்கு வந்த லீப் இன்ஜின்ல, டர்பைன் இறக்கைய சுத்தி இருக்கற வளையத் துண்டுகள் சிலிக்கான் கார்பைடு நூல் போட்ட சிலிக்கான் கார்பைடு, உருகின சிலிக்கான் வழில செஞ்சது. நிக்கல் கலவையோட எடைல மூணுல ஒரு பங்குதான். குளிர்விக்கறதுக்கு திருப்பி விடற காத்தும் குறையறதால எரிபொருள் மிச்சமாகுது, ஏர்லைன்காரங்களுக்கு அதுல கிடைக்கற லாபம்தான் இவ்ளோ விலை குடுத்து நூல் வாங்கறத நியாயப்படுத்துது.

கேள்வி: நான் மசினகுடி – ஊட்டி லைன்ல வண்டி ஓட்றேன். கல்லட்டி இறக்கத்துல பிரேக் சூடாகி வாசம் வரும். கடைல செராமிக் பிரேக் பேட்னு ஒண்ணு குடுக்கறாங்க, இது நீங்க எழுதின பொருளா? ரேஸ் கார்ல போடற டிஸ்க் நம்ம வண்டிக்குக் கிடைக்குமா? – டிரைவர், மசினகுடி

பதில்: கடைல குடுக்கற பேட் இது இல்லைங்கண்ணா. அது பிசின்ல செராமிக் பொடி, நார், கொஞ்சம் உலோகம்னு கலந்து அச்சுல அழுத்தினது, பிசின் தாங்கற வரைக்கும்தான் அதுவும் தாங்கும். நல்ல பேட்தான், தூசு கம்மி, சத்தம் கம்மி, ஆனா கல்லட்டிக்குன்னு தனி தைரியம் எதுவும் தராது.

விலை கூடின ஸ்போர்ட்ஸ் கார்ல வர்ற டிஸ்க் நிஜமாவே செராமிக் காம்போசிட். போர்ஷே கம்பெனி 2001ல ரோட்ல ஓடற கார்ல கொண்டு வந்தாங்க. வெட்டின கார்பன் நார பிசினோட கலந்து அச்சுல அழுத்தி, காத்தில்லாம சுட்டு பிசின கார்பனாக்கி, கடைசில உருகின சிலிக்கான உறிஞ்ச வைப்பாங்க, மேல சொன்ன மூணாவது வழி. இரும்பு டிஸ்க்ல பாதி எடை, செக்கச் செவேல்னு சூடானாலும் வளையாது. ஆனா ஒரு செட் பல லட்சம், அதுக்கேத்த பேடும் காலிப்பரும் வேணும், நம்ம ஜீப்புக்கும் வேனுக்கும் அது வழியில்ல.

உங்களுக்கு வேண்டியது வேற. 2 டன் வண்டி 1,000 மீட்டர் கீழ இறங்கினா சுமார் 20 மில்லியன் ஜூல், அதாவது அஞ்சரை யூனிட் கரண்ட் அளவு சக்தி எங்கயாவது போயாகணும், கியர்ல இறக்கினா நிறைய பங்கு இன்ஜின் வாங்கிக்கும், நியூட்ரல்லயோ டாப் கியர்லயோ இறக்கினா அத்தனையும் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும்தான். 36 ஹேர்பின்லயும் முதல் அல்லது ரெண்டாம் கியர விடாதீங்க, ஏற எந்தக் கியர் வேணுமோ இறங்கவும் அதே கியர். பிரேக் ஆயில கவனிங்க, பேட விட அதுதான் நிறைய பேர கைவிடுது. டாட் 3 ஆயில் புதுசா இருக்கறப்ப 205 டிகிரில கொதிக்கும், காத்துல இருந்து ஈரத்த இழுத்துட்டா 140ல கொதிக்க ஆரம்பிச்சிடும், கொதிச்சா லைன்ல ஆவி, பெடல் அப்படியே உள்ள போயிடும். நம்ம மலைல வருஷத்துல பாதி நாள் ஈரம்தான், அதனால கீழ் நாட்டு வண்டிய விட சீக்கிரமா ஆயில் மாத்துங்க, வண்டிக்கு ஒத்துக்கும்னா டாட் 4 ஊத்துங்க. வாசம் வந்தா ஓரங்கட்டி ஆற விடுங்கண்ணா, பின்னாடி ஹாரன் அடிக்கறவங்களுக்காக அவசரப்படாதீங்க, சூடான டிஸ்க் மேல தண்ணியும் ஊத்தாதீங்க.

கேள்வி: பனிமூட்டத்துல எங்க வீட்டு இரும்பு கேட் துரு ஏறிக் கிடக்கு. இந்த செராமிக்குக்கு ஈரம் ஒண்ணும் பண்ணாதா? – ஆசிரியை, கோத்தகிரி

பதில்: நம்ம ஊர் ஈரம் ஒண்ணும் பண்ணாதும்மா. 1,200 டிகிரில இருக்கற ஈரம் நிச்சயம் பண்ணும். சிலிக்கான் கார்பைடு சூடானா மேல மெல்லிசா ஒரு சிலிக்கா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது) படலம் வந்து காப்பாத்தும், ஆனா இன்ஜின்ல எரிபொருள் எரிஞ்சா நீராவி வரும், அந்த நீராவி சிலிக்காவ வாயுவாக்கி அடிச்சுட்டுப் போயிடும், பாகம் நாளாக நாளாக தேய்ஞ்சுக்கிட்டே வரும். அதத் தடுக்க மேல யிட்டர்பியம் சிலிகேட்ல ஒரு கவசப் பூச்சு குடுக்கறாங்க. அந்தக் கவசம் உரிஞ்ச இடத்துல விரிசல் வழியா ஆக்சிஜன் உள்ள போனா நூல் மேல இருக்கற ஒட்டாத பூச்சு எரிஞ்சு, அந்த இடத்துல கண்ணாடி நிரம்பி நூல ஒட்ட வெச்சிடும், அதான் இதுல பெரிய பயம்.

கேள்வி: விரிசல் ஓடாது, டப்புனு உடையாதுன்னு எழுதறீங்க. அப்ப கொலம்பியா விண்கலத்தோட இறக்கை ஏன் ஓட்டையாச்சு, கல்பனா சாவ்லா போன விண்கலம்னு என் பொண்ணு கேக்கறா. – ஒரு அப்பா, கொடைக்கானல்

பதில்: பாப்பாவுக்கு என் அன்பச் சொல்லுங்க. நேர்மையா பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

கொலம்பியாவோட இறக்கை முன்விளிம்பு கார்பன் நூல் போட்ட கார்பன், மேல சிலிக்கான் கார்பைடு தோல். ரேயான் துணில பிசின் ஏத்தி சுட்டு, மறுபடி ஃபர்ஃபுரைல் ஆல்கஹால் ஏத்தி சுட்டு, கடைசில மேல் அடுக்க சிலிக்கான் கார்பைடா மாத்தி செஞ்சது. 1,600 டிகிரி பக்கம் தாங்கற மாதிரி செஞ்சாங்க, 1981ல இருந்து பல தடவை போய் வந்துச்சு. 2003 ஜனவரில கிளம்பறப்ப வெளி டேங்க்ல இருந்து முக்கால் கிலோ எடைல ஒரு ஃபோம் துண்டு பிச்சுக்கிட்டு வந்து மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல இறக்கைல மோதிச்சு. பிப்ரவரி 1ம் தேதி திரும்பி வர்றப்ப அந்த ஓட்டை வழியா சூடான வாயு உள்ள புகுந்து இறக்கைய அழிச்சது, ஏழு பேர் போயிட்டாங்க. பிறகு ஜூலைல அதே மாதிரி பாகத்துல ஃபோம சுட்டுப் பாத்தாங்க, 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்துச்சு.

ஏன்னா நூல் எல்லாம் துணியோட தளத்துல படுத்துக் கிடக்கு, அந்தத் திசைல இழுத்தா நூல் தாங்கும். செங்குத்தா வந்து மோதறப்ப அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல குறுக்க நூலே இல்ல, அடுக்கு பிரிஞ்சு வளைஞ்சு நூலும் அறுந்துடும். அப்புறம், இந்த வகைப் பொருள் உடையறதுக்கு முன்னாடி நீள்றது ஒரு சதவீதம் கூட வராது, சாதாரண செராமிக்கோட பாத்தா பல மடங்கு மேல், உலோகத்தோட பாத்தா இன்னும் எவ்ளோ கீழ. அதனால இப்பல்லாம் முக்கியமான பாகத்துக்கு மூணு திசைலயும் நூல் ஓட நெய்யறாங்க, குறுக்க தைக்கறாங்க, நெய்யறது விலை கூடும், பூச்சும் மேட்ரிக்ஸும் உள்ள போறதும் கஷ்டமாகும். உடையவே உடையாதுன்னு யாராவது சொன்னா நம்ப வேண்டாம்னு பாப்பாகிட்ட சொல்லுங்க, எந்தத் திசைல, எவ்ளோ வேகத்துலன்னு அவ கேட்ட மாதிரியே கேக்கணும்.

கேள்வி: நான் டீ ஃபேக்டரில ஹீட்டர் பக்கம் வேலை. ட்ரையர் ஹீட்டர் கதவுக்குள்ள வெள்ளையா செராமிக் வுல் வெச்சிருக்கு, பிச்சு மாத்தறப்ப உடம்பெல்லாம் அரிப்பு. இதுவும் அதுவும் ஒண்ணா? கெடுதலா? – கோத்தகிரி பக்கம்

பதில்: ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. உங்க வுல் அலுமினாவும் (அலுமினியம் ஆக்சைடு) சிலிக்காவும் உருக்கி ஊதி எடுத்த குட்டை நார், சூட்ட வெளிய விடாம தடுக்க மட்டும்தான். ஆனா கெடுதல் விஷயத்துல உங்களுது தான் கவனமா இருக்க வேண்டியது. காம்போசிட் நூல் பத்து மைக்ரானுக்கு மேல தடிமன், நுரையீரல் ஆழம் வரைக்கும் போறது கஷ்டம். உங்க வுல் நார் ரெண்டு மூணு மைக்ரான்தான், மூச்சோட உள்ள போயிடும். உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002லயே இத மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பட்டியல்ல, 2பி பிரிவுல வெச்சிருக்கு. அது போக, வருஷக்கணக்குல 1,000 டிகிரிக்கு மேல சூடு பட்ட வுல் படிகமாகி கிறிஸ்டோபலைட்னு ஒரு சிலிக்காவா மாறும், அந்தத் தூசு சிலிகோசிஸ்ங்கற நுரையீரல் நோய வர வைக்கும். அதனால புதுசு வைக்கறத விட பழசு பிக்கறதுதான் மோசம்.

துண்டு கட்டிக்கிட்டு பிக்காதீங்க, துண்டு இந்த நார நிறுத்தாது, என்95 மாஸ்க் முகத்துல இறுக்கமா போடுங்க. ஹீட்டர் முழுசா ஆறினதும் பழைய வுல் மேல லேசா தண்ணி தெளிச்சு ஈரமாக்கிட்டு பிச்சு, கெட்டி பிளாஸ்டிக் பைல போட்டு கட்டுங்க, விளக்குமாறு போட்டு கூட்டாதீங்க, ஈரத்துணியால துடைங்க. முழுக்கை சட்டை, கண்ணாடி போடுங்க, அந்தத் துணிய குழந்தைங்க துணியோட சேத்து துவைக்காதீங்க. உடம்புல கரையற ரகத்துல, இவ்ளோ கெடுதல் இல்லாத வுல்லும் மார்க்கெட்ல இருக்கு, அடுத்த தடவை மாத்தறப்ப அத வாங்கச் சொல்லி மேனேஜர்கிட்ட கேளுங்க. மாஸ்க்கும் கண்ணாடியும் வாங்கிக் குடுக்க வேண்டியது ஃபேக்டரியோட பொறுப்பு, கேக்க கூச்சப்படாதீங்க.

கேள்வி: என் மகன் இதப் படிக்கணும்னு ஆசைப்படறான். என்ன படிக்கணும்? குன்னூர் பக்கம் எங்களுக்கு கொஞ்சம் இடம் இருக்கு, சின்னதா ஒரு யூனிட் போட முடியுமா? – குன்னூர்

பதில்: படிப்புக்கு நம்ம மாநிலத்துலயே நல்ல இடம் இருக்குங்க. அண்ணா பல்கலைக்கழகத்தோட அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரில செராமிக் டெக்னாலஜி பி.டெக். இருக்கு, ஐஐடி மெட்ராஸ்லயும் திருச்சி என்ஐடிலயும் மெட்டலர்ஜி அண்ட் மெட்டீரியல்ஸ், கோவை பிஎஸ்ஜி டெக்ல மெட்டலர்ஜி. நெசவு படிச்சவங்களுக்கும் இதுல பெரிய இடம் இருக்கு, மூணு திசைல நூல் நெய்யறது சாதாரண வேலை இல்ல. வேலைனு பாத்தா திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், பெங்களூர் தேசிய வானூர்தி-விண்வெளி ஆய்வகம் (என்ஏஎல்), ஹைதராபாத்ல டிஆர்டிஓங்கற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்போட ஆய்வகங்கள்.

யூனிட் விஷயத்துல, வாயு வழி வேண்டவே வேண்டாம். ஹைட்ரஜன், குளோரோசிலேன், அமில வாயு, இதெல்லாம் தண்ணி ஊத்து இருக்கற மலைச்சரிவுல வைக்கற சமாச்சாரம் இல்ல. பாலிமர் வழியும் இங்க சிரமம், அதுல சில பாலிமர் காத்துல இருக்கற ஈரத்தோட வினையாகி அமோனியா விடும், ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம ஊர் காத்துல ரூம் பூரா ஈரத்த எடுக்கற மெஷின் ஓடிட்டே இருக்கணும்.

சின்ன அளவுல கத்துக்க ஒரு வழி இருக்கு, ஆக்சைடு காம்போசிட். அலுமினா நூல் துணி, அலுமினா பொடி கரைசல், தண்ணி, அவ்ளோதான், ஆர்கான் வேண்டாம், சாதாரண மின்சார மஃபிள் ஃபர்னஸ் போதும். இதுல இன்னொரு நல்லது, நூலுக்குப் பூச்சே வேண்டாம். மேட்ரிக்ஸயே வேணும்னே முழுசா இறுகாம நுண் ஓட்டைகளோட விட்டுடறாங்க, அந்த ஓட்டைகளே விரிசல பிரிச்சு விட்டுடும், நூல் தப்பிச்சுடும். துணில ஃபேக்டரில பூசின பசைய முதல்ல 700 டிகிரில எரிச்சு எடுக்கணும், மைக்ரானுக்கும் நுண்ணிய அலுமினா பொடிய லேசா அமிலம் சேத்த தண்ணில கட்டியில்லாம கரைச்சு துணில ஏத்தி, அடுக்கி, வேக்குவம் பைல அழுத்தி, மெதுவா காய வெச்சு, 1,150 டிகிரில இருந்து 1,200க்குள்ள சுடணும். அதுக்கு மேல போனா மேட்ரிக்ஸ் இறுகி ஓட்டை மூடி நூலோட ஒட்டிடும், எல்லாம் வீண். காய வைக்கறதுதான் நம்ம ஊர்ல நேரம் எடுக்கும், ஆனா மெதுவா காயறது வெடிப்புக்கு நல்லதுதான். நெக்ஸ்டெல் 610 மாதிரி அலுமினா நூல் துணி வெளிநாட்டுல இருந்துதான் வரணும், விலை அதிகம். அதனால மகன் முதல்ல பசால்ட் (எரிமலைப் பாறை) நூல் துணியும், சுட்ட வெள்ளைக் களிமண்ண காரக் கரைசல்ல கலந்து இறுக வைக்கற மெட்டாகயோலின் ஜியோபாலிமரும் வெச்சு கை பழகட்டும், அது 100 டிகிரிக்கும் கீழயே இறுகும், செலவு சில ஆயிரத்துல முடியும். ஜியோபாலிமர்ல சேக்கற காரக் கரைசல் கண்ணுல பட்டா பார்வை போயிடும், கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாம தொட விடாதீங்க. பலகை தயாரானதும் கோயமுத்தூர்ல எந்த இன்ஜினியரிங் காலேஜ் லேப்லயாவது வளைச்சு சோதிக்கச் சொல்லுங்க, சுமை ஏறற கோடு உச்சிக்குப் போய் செங்குத்தா விழுந்தா நூல் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம், அடுத்த பலகைய கொஞ்சம் குறைவான சூட்டுல சுடட்டும்.